மெல்ல ஓட்டுங்கள் ஐயா: ஒரு பழைய இசைத்தட்டு செட்டும் அதன் தலைப்புப் பாட்டும்

மூன்று இசைத்தட்டு என்று போட்டிருந்ததை நம்பி, இணையத்தில் பழைய தட்டு விற்கும் ஒருவருக்கு 28 டாலர் கட்டினேன். பிரித்துப் பார்த்தால் ஒரே தட்டு இரண்டு தடவை இருக்கிறது. எனக்கு வேண்டிய பாட்டு இருக்கும் தட்டைத்தான் காணோம். நாலு மின்னஞ்சல் போட்டேன். "அதுவும் ரொம்ப நல்ல தட்டுதான்" என்று ஒரு பதில் வந்தது. நல்ல தட்டுதான், யார் இல்லை என்றார்கள்? பத்து டாலரைத் திருப்பி வாங்குவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. கடைசியில் நான் இருக்கும் டென்னஸி மாநில நாக்ஸ்வில்லிலேயே, ஒரு பழைய புத்தகக் கடையின் தரையில் கிடந்த அட்டைப்பெட்டிக்குள், உறைகூட இல்லாமல் அந்தத் தட்டு தனியாகக் கிடைத்தது. நாலு டாலர். ஆக, என்னிடம் இருப்பது இரண்டு வீடுகளிலிருந்து வந்து சேர்ந்த ஒரு செட்.

நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்ற கலிஃபோர்னியா இசைக்குழு 1972ல் வெளியிட்ட ‘வில் த சர்க்கிள் பி அன்புரோக்கன்’ (வட்டம் குலையாமல் இருக்குமா) தொகுப்பைப் பற்றித்தான் சொல்கிறேன். கிட்டத்தட்ட நாற்பது பாட்டு. எல்லாவற்றையும் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை, படிக்க உங்களுக்கும் இருக்காது. ஆறாவது பக்கத்தில், கடைசிக்கு முந்தியதாக வரும் தலைப்புப் பாட்டுக்காகத்தான் இத்தனை அலைந்தேன். பெரும்பாலும் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நான் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவன். எங்களோடு இருபது வருஷம் வேலை பார்த்த ஒரு அம்மாள் ஒரு ஜனவரியில் இறந்துபோனார். ஊருக்கு வடக்கே, மலையோரத்தில் ஒரு சின்ன பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அடக்க ஆராதனை. ஆர்கன் கிடையாது. ஒரு கிதார், பேன்ஜோ என்ற கம்பி வாத்தியம் ஒன்று, அவ்வளவுதான். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு பாட்டு எடுத்தார்கள் பாருங்கள், கூட்டத்தில் பாதிப்பேர் காலால் தாளம் போட்டார்கள். முன்வரிசையில் மகன்கள் மூன்று பேரும் அழுதுகொண்டே தாளம் போட்டார்கள். அழுவதும் தாளம் போடுவதும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் நடந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வட்டம், வீடு, வானம் என்று மூன்று வார்த்தை மட்டும் காதில் விழுந்தன. பார்க்கிங்கில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "அது கார்ட்டர் குடும்பத்துப் பாட்டு" என்றார், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

பெரியவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதி இங்கிலாந்தில் இருக்கிறது.

மூலப் பாட்டு 1907ல் வந்த ஒரு கீதம். எழுதியவர் லண்டனில் பிறந்த ஏடா ஹேபர்ஷன். மெட்டமைத்தவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்காரர் சார்ல்ஸ் கேப்ரியல். நம் பாமாலைப் புத்தகங்களில் பார்க்கும் ஞானப்பாட்டுகளின் அதே ஜாடைதான். பரலோகத்துக்குப் போய்விட்ட உறவினர்களை நினைத்துக்கொள்வதும், சிறுவயதில் கேட்ட பாட்டுகளை ஞாபகப்படுத்துவதும், குளிர்காயும் அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்த நாட்களைச் சொல்வதுமாகப் போகும். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள், ஒவ்வோர் இருக்கையாகக் காலியானது, பிரிந்த இந்தக் குடும்பம் ஒருநாள் முழுசாகுமா என்று ஒரு சரணம் கேட்கிறது. தலைப்பில் வரும் வட்டம் இதுதான். அடுப்பைச் சுற்றிப் போட்ட நாற்காலிகளின் வட்டம். இது புரியாமல் ரொம்ப நாள் நான் மோதிரம், பூமி, காலச் சக்கரம் என்றெல்லாம் எதையெதையோ கற்பனை பண்ணிக்கொண்டிருந்தேன். வெறும் நாற்காலிகள்தான்.

பல்லவியில் ஹேபர்ஷன் இரண்டு கேள்வி கேட்கிறார். வட்டம் குலையாமல் இருக்குமா? வானத்தில் இதைவிட நல்ல வீடு நமக்காகக் காத்திருக்கிறதா? இரண்டும் கேள்விதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் இதற்குத் திரும்ப வருவேன்.

இப்போது வர்ஜீனியா. மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், கிளின்ச் மலை அடிவாரத்தில், புவர் வேலி என்று ஒரு பள்ளத்தாக்கு. பெயருக்கு ஏற்ற ஏழ்மை. அங்கே ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி ஸாரா, ஸாராவின் ஒன்றுவிட்ட தங்கையும் ஏ.பி.யின் தம்பி மனைவியுமான மேபெல், இந்த மூன்று பேரும் 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் ஊருக்கு வண்டியேறி, விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ரால்ஃப் பீர் என்பவர் நடத்திய ஒலிப்பதிவில் பாடினார்கள். மேபெல் அப்போது கர்ப்பிணி. அமெரிக்கக் கிராமப்புறத்து இசையான கன்ட்ரி இசையின் பிறப்பு என்று இன்றைக்கு எல்லோரும் சொல்வது அந்த ஒலிப்பதிவைத்தான். அந்த ஊரில் இப்போது அதற்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. நாக்ஸ்வில்லிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டம். போனால் ஸ்டேட் தெருவிலும் நடந்து பாருங்கள். ஒரு நடைபாதை டென்னஸியில், எதிர் நடைபாதை வர்ஜீனியாவில்.

ஏ.பி. கார்ட்டர் பாட்டுப் பொறுக்கி. திட்டவில்லை, அவர் வேலையே அதுதான். மலைக்கிராமங்களில் வீடு வீடாகப் போய், கிழவிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் பாடுவதைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவார். மெட்டு அவருக்கு மண்டையில் நிற்காது. அதற்காகக் கூடப் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார் கலைஞர். ஏ.பி. வார்த்தையைப் பிடித்துக்கொள்வார், ரிடில் மெட்டைப் பிடித்துக்கொள்வார். தட்டுகளில் ஏ.பி.யின் பெயர் வந்தது, ரிடிலின் பெயர் வரவில்லை. அந்தக் காலத்து அமெரிக்காவின் தென்பகுதி அப்படித்தான் இருந்தது. கார்ட்டர் குடும்பத்துப் பாட்டு என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த இன்னொரு ஆள் ஞாபகம் வந்துவிடுகிறது.

ஹேபர்ஷனின் கீதத்தை எடுத்து ஏ.பி. செய்த காரியம் என்ன தெரியுமா? பல்லவியை வைத்துக்கொண்டு சரணங்களைத் தூக்கி எறிந்தார். பரலோக நினைவுகளும் உபதேசமும் எல்லாம் போயின. அந்த இடத்தில் ஒரே ஒரு சாவு வீட்டைக் கொண்டுவந்து வைத்தார். குளிர் அடிக்கும் மேகமூட்டமான நாள். சன்னலோரம் நின்று பார்க்கிற ஆள். அம்மாவை எடுத்துப்போக வரும் சவ வண்டி. அப்புறம் வண்டிக்காரரிடம் ஒரு வேண்டுகோள்: மெல்ல ஓட்டுங்கள் ஐயா, நீங்கள் கொண்டுபோகும் அந்த அம்மாளை அனுப்ப எனக்கு மனசில்லை. பிறகு வண்டிக்குப் பின்னாலேயே நடக்கிறார், திடமாக இருக்கப் பார்க்கிறார், குழியில் இறக்கும்போது முடியவில்லை. வீடு திரும்பினால் வீடு காலி. கூடப்பிறந்தவர்கள் அழுகிறார்கள்.

இவ்வளவுதான் பாட்டு. இதில் ‘என் தாயே’ என்று ஓர் இடத்தில்கூட அழைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அம்மாவிடம் பேசவில்லை, கடவுளிடமும் நேராகப் பேசவில்லை. பேசுவது வண்டி ஓட்டுகிறவரிடம். துக்கத்தில் இருக்கிறவர்கள் அப்படித்தான். பெரிய விஷயத்தைப் பேசத் தெம்பிருக்காது. "பார்த்துத் திரும்புங்க, கல்லு கிடக்குது" என்று டிரைவரிடம் சொல்வார்கள். நம் ஒப்பாரியிலும் பாடை தூக்குகிறவர்களைப் பார்த்துப் பேசும் வரிகள் உண்டு. அதனால்தானோ என்னவோ, இந்தச் சரணம் எனக்கு மொழிபெயர்க்காமலே புரிந்தது.

இப்போது அந்த இரண்டு கேள்விக்கு வருவோம். கார்ட்டர் குடும்பம் 1935 மே மாதம் நியூயார்க்கில் இதைப் பதிவு செய்தபோது பல்லவி மாறிவிட்டிருந்தது. வட்டம் குலையாமல் ‘இருக்குமா’ என்பது குலையாமல் இருக்க ‘முடியுமா’ என்றானது. ‘வில்’ போய் ‘கேன்’ வந்தது. இரண்டாவது கேள்வி கேள்வியாகவே இல்லை. வானத்தில் நல்ல வீடு காத்திருக்கிறது என்று அடித்துச் சொல்லிவிடுகிறார்கள். லண்டன்காரப் பெண்மணி இரண்டையும் சந்தேகமாகவே விட்டார். மலைக்காரர் ஒன்றை உறுதி பண்ணிக்கொண்டு, மற்றதில் முன்னைவிட அதிகம் பயந்தார். வீடு இருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. நாம் எல்லோரும் அங்கே போய்ச் சேருவோமா என்பதுதான் தெரியவில்லை. ஊழியக்காரர்கள் இந்தப் பாட்டைப் பரலோக நிச்சயத்தின் பாட்டு என்று விளக்குவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாதி நிச்சயம், பாதி நடுக்கம்.

நடுக்கத்துக்குக் காரணமும் இருந்தது. அந்தப் பதிவின்போது ஏ.பி.யும் ஸாராவும் ஏற்கெனவே பிரிந்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பாடுவதற்கு மட்டும் ஒன்றாக வந்து நிற்பார்கள். பிற்பாடு விவாகரத்தும் ஆகி, 1939ல் ஸாரா மறுமணம் செய்துகொண்டார், அதுவும் ஏ.பி.யின் உறவுக்காரர் ஒருவரையே. வட்டம் குலையாமல் இருக்க முடியுமா என்று ஏற்கெனவே குலைந்த ஒரு குடும்பம் ஒரே மைக்கின் முன்னால் நின்று பாடியிருக்கிறது. ஸாராவின் குரலைக் கேட்டுப் பாருங்கள். தாழ்ந்த குரல், ஒரு சொட்டு உணர்ச்சியும் காட்டாது. அரிசி விலை சொல்வதுபோலப் பாடுவார். அதுதான் வயிற்றைப் பிசையும்.

இவ்வளவும் தெரிந்தபிறகுதான் 1972 தொகுப்பு எனக்கு விளங்கியது. மெட்டை மட்டும் ரசித்துக் கேட்டால் பத்து நிமிஷத்தில் அலுத்துவிட வாய்ப்பு உண்டு. என் மனைவிக்கு அலுத்துவிட்டது.

ஒலிப்பதிவு நடந்தது 1971 ஆகஸ்டில், நாஷ்வில்லின் உட்லேண்ட் ஸ்டுடியோவில். ஆறே நாளில் முடித்தார்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். நீள முடி வைத்த பையன் என்றால் ஒரு கட்சி, குட்டை முடி என்றால் எதிர்க்கட்சி. லாங் பீச்சிலிருந்து வந்த தாடியும் தலைமுடியுமான இந்தப் பையன்கள், தங்கள் அப்பா வயதுக்காரர்களையும் அதற்கு மேற்பட்டவர்களையும் ஒரே அறைக்குள் கூட்டினார்கள். பேன்ஜோ மேதை ஏர்ல் ஸ்க்ரக்ஸ், கண் தெரியாத கிதார் கலைஞர் டாக் வாட்ஸன், இன்னொரு கிதார் கலைஞர் மெர்ல் டிராவிஸ், ஃபிடில் என்னும் வயலின் வாசிக்கும் வாஸர் கிளெமெண்ட்ஸ், பாடகர்கள் ஜிம்மி மார்ட்டின், ராய் அகஃப். எல்லோருக்கும் மேலாக, 1927ல் பிரிஸ்டலுக்குப் போன அதே மேபெல் கார்ட்டர், வயது 62. கன்ட்ரியின் ஒரு கிளையான புளூகிராஸ் இசையின் தந்தை எனப்படும் பில் மன்ரோவையும் கூப்பிட்டார்கள், அவர் வர மறுத்துவிட்டார். அவர் இஷ்டம்.

ராய் அகஃப் சும்மா ஆள் இல்லை. 1948ல் டென்னஸி ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்று தோற்றவர். இந்தப் பையன்கள்மேல் அவருக்கு அவநம்பிக்கை இருந்தது. ஏற்கெனவே பதிவானவற்றைப் போட்டுக் காட்டினார்களாம். கேட்டுவிட்டு, இது சாதாரணக் கன்ட்ரி இசைதானே என்று சொல்லிவிட்டு வேலைக்கு இறங்கினாராம். தட்டில் அவர் குரலிலேயே ஒரு பேச்சு இருக்கிறது. முதல் தடவையே சரியாகச் செய்துவிட வேண்டும், ஒவ்வொரு தடவை திரும்பச் செய்யும்போதும் உள்ளே இருப்பது கொஞ்சம் குறைந்துபோகும் என்கிற அர்த்தத்தில். எங்கள் மருந்தகத்தில் எழுதி ஒட்டலாம், ஆனால் நாங்கள் எதையும் மூன்று தடவை சரிபார்க்க வேண்டிய தொழிலில் இருக்கிறோம்.

எல்லாம் நேராக இரண்டு டிராக் டேப்பில் ஏறியது. இப்போதைய வழக்கம்போல ஒவ்வொருவர் பாடியதையும் தனித்தனியாக எடுத்து ஒட்டுவது கிடையாது. கூடவே இன்னொரு டேப் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்ததால், பாட்டுக்கு நடுவே அவர்கள் பேசியதெல்லாம் அகப்பட்டிருக்கிறது. என்னைக் கேட்டால் செட்டின் பாதி விலை அந்தப் பேச்சுக்கே கொடுக்கலாம். டாக் வாட்ஸனும் மெர்ல் டிராவிஸும் வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்திப்பது அதில் இருக்கிறது. உங்கள் பெயரைத்தான் என் மகனுக்கு வைத்திருக்கிறேன் என்று டாக் சொல்கிறார். அந்த மகன் மெர்ல் வாட்ஸன் 1985ல் டிராக்டர் விபத்தில் இறந்துபோனார். பேசிக்கொண்டிருக்கும் இருவருக்கும் அது தெரியாது, கேட்கிற நமக்குத் தெரியும். முதல் தடவை கேட்டபோது நான் ஊசியை எடுத்துவிட்டுப் போய் டீ போட்டுக்கொண்டு வந்தேன்.

சரி, தலைப்புப் பாட்டு.

மேபெல் ஆரம்பிக்கிறார். அகஃப், ஜிம்மி மார்ட்டின் குரல்களும் வருகின்றன. பல்லவியில் அறையில் இருக்கும் எல்லோரும் சேர்கிறார்கள். தலைப்பில் ஹேபர்ஷனின் ‘வில்’ திரும்ப வந்திருக்கிறது, ஆனால் சரணங்கள் ஏ.பி.யின் சாவு வீடு. நடுநடுவே ஒவ்வொரு வாத்தியமாக முன்னால் வந்து ஒரு சுற்று வாசித்துவிட்டுப் பின்னால் போகிறது. யாரும் யாரையும் தாண்டிக் குதிக்கவில்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரருக்குச் சாம்பார் வாளியை நகர்த்துகிற மாதிரி ஒரு மரியாதை. கிட்டத்தட்ட ஐந்து நிமிஷம்.

மேபெலின் குரல் பிசிறடிக்கிறது. சுருதி ஓரிரு இடத்தில் லேசாக இறங்குகிறது. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 1935ல் இதே வரிகளை ஸாராவின் குரலோடு ஒத்துப் பாடிய பெண் அவர். சவ வண்டியை அந்த முப்பத்தாறு வருஷத்தில் எத்தனை தடவை பார்த்திருப்பார். ஏ.பி. போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிசிறு இல்லாமல் பாடியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஆனாலும் அழுகுரல் கிடையாது, இழுவை கிடையாது. பக்தியைக் குரலில் தடவிக் காட்டும் வேலையும் கிடையாது. அவர் கிதார் வாசிப்பும் அதே குணம்தான். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மெட்டை வாசிக்கும், மற்ற விரல் மேலே தாளத்தைத் தட்டிக்கொண்டே போகும். ஒரே கையில் பாட்டும் பக்கவாத்தியமும். கார்ட்டர் ஸ்க்ராட்ச் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். இந்த நாட்டில் கிதார் பிடிக்கிற பாதிப்பேர் தெரிந்தோ தெரியாமலோ அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஒருநாள் அம்மா போன் பண்ணும்போது இந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடா தம்பி, கல்யாணப் பாட்டா? நல்லா இருக்கே."

"இல்லம்மா. அம்மா செத்துப்போன பாட்டு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. எனக்குத் திக்கென்றது, அவசரப்பட்டுச் சொல்லிவிட்டோமே என்று.

"தாய் செத்ததையா இப்படிக் குஷியா பாடுறாங்க?" அப்புறம் அவரே, "ஆமா, நம்ம ஊர்ல மட்டும் என்ன, பறையடிச்சு ஆட்டம் போட்டுத்தானே அனுப்புறோம். உங்க தாத்தாவுக்கு எவ்வளவு ஆட்டம் தெரியுமா? சரி, நீ சாப்பிட்டியா?"

விமரிசகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அம்மா ஒரு நிமிஷத்தில் தாண்டிப் போய்விட்டார்.

குறைகள் இல்லாமல் இல்லை. நாலாவது பக்கத்தில் வாத்திய இசை வரிசையாக வந்து மூச்சு முட்ட வைக்கும். பேன்ஜோவும் ஃபிடிலும் ஓட்டப்பந்தயம் ஓடுவதைத் தொடர்ந்து இருபது நிமிஷம் கேட்க, அந்த இசையிலேயே பிறந்து வளர்ந்திருக்க வேண்டும். ஜிம்மி மார்ட்டினின் உச்சக்குரல் பழக நாளாகும், எனக்கு இன்னும் முழுசாகப் பழகவில்லை. மேபெல் பாட்டுகள் போதாது. அவர் வரும் இடங்களை மட்டும் எடுத்து ஒரு தட்டாகப் போட்டிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் காசு சேமித்திருப்பேன். இன்னொன்று சொல்லலாமா, தலைப்புப் பாட்டுக்குப் பிறகு ஏர்லின் மகன் ராண்டி ஸ்க்ரக்ஸ் தனிக் கிதாரில் ஒரு மெட்டு வாசித்துத் தொகுப்பை முடிக்கிறார். பதினெட்டு வயதுப் பையன், அழகாகத்தான் வாசிக்கிறார். ஆனால் அது ஜோனி மிட்செலின் ‘போத் சைட்ஸ் நவ்’, அந்தத் தலைமுறையின் பாட்டு. முதியவர்கள் எழுந்துபோன அறையில் பையன் ஒருத்தன் உட்கார்ந்து தன் பாட்டை வாசிக்கிறான் என்று தயாரிப்பாளர் நினைத்திருக்கலாம். அட்டையிலும் ‘இசை புதிய வட்டம் அமைக்கிறது’ என்று அச்சடித்திருக்கிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பெரிய பல்லவி அடங்கியதும் நிசப்தமாக விட்டிருக்கலாம் என்று படுகிறது.

இந்தப் பாட்டு கார்ட்டர்களோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிகாகோவில் பாப்ஸ் ஸ்டேப்பிள்ஸ் என்ற கறுப்பினப் பாடகர் தன் பிள்ளைகளை உட்கார வைத்து முதன்முதலில் சொல்லிக்கொடுத்த பாட்டு இதுதான். அவர் மிஸிஸிப்பியில் டாக்கரி பருத்தித் தோட்டத்தில் வளர்ந்தவர். மகள் மேவிஸ் இதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் குடும்பத்தின் குழுவான ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் பதிவில் பேன்ஜோவும் இல்லை, காலால் தாளமும் இல்லை. எதிரொலியில் நடுங்கும் ஒரு எலெக்ட்ரிக் கிதார், நிதானம், இருட்டு. டர்ட் பேண்ட் பதிவைக் கேட்ட கையோடு அதையும் கேளுங்கள். ஒரே சாவு வீட்டை முன்வாசலிலிருந்தும் கொல்லைப்புறத்திலிருந்தும் பார்ப்பது போல இருக்கும். லெஸ்லி ரிடில் வாசித்திருந்தால் எந்த வாசலிலிருந்து பார்த்திருப்பார் என்று எனக்கு ஒரு யோசனை ஓடும்.

இன்றைக்கு நாஷ்வில்லில், கன்ட்ரி இசை மேதைகளின் நினைவு மண்டபமான கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் கட்டடத்துக்குப் போனால், வட்ட மண்டபத்தின் உள்சுவரைச் சுற்றி இந்தப் பாட்டின் தலைப்பை எழுதிவைத்திருக்கிறார்கள். புதிதாக யாரையாவது அங்கே சேர்க்கும் விழாவில் கடைசியாக எல்லோரும் இதைத்தான் பாடுவார்கள். கௌரவம்தான். ஆனால் மண்டபச் சுவரில் பார்க்கும்போது அது ஒரு சாவு வீட்டுப் பாட்டு என்பதே மறந்துபோகிறது. புவர் வேலியில், ஏ.பி.யின் பழைய மளிகைக் கடை இருக்கும் ஹில்டன்ஸில், அவர் மகள் ஜானெட் தொடங்கிய கொட்டகையில் சனிக்கிழமைதோறும் கச்சேரி நடக்கிறது. மின் வாத்தியம் கூடாது. சாராயம் கூடாது. மேபெலின் மருமகன் ஜானி கேஷ் சாவதற்குச் சில வாரம் முன்பு, 2003 ஜூலையில், கடைசியாக மேடையேறியது அங்கேதான். மண்டபத்தையும் கொட்டகையையும் பார்க்க ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் கொட்டகைக்குப் போங்கள்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு: 2002ல் முப்பதாம் ஆண்டுப் பதிப்பாக இரண்டு குறுந்தகடுகளில் இதைச் சுத்தம் பண்ணி வெளியிட்டார்கள். ஒலி அதில்தான் தெளிவு. அடிநாதமாக வரும் பெரிய பாஸ் அதில் உறுமும், என் தட்டில் முனகுகிறது. எழுந்து எழுந்து பக்கம் திருப்பும் தொல்லையும் இல்லை. தட்டுதான் வேண்டும் என்கிற என்னைப் போன்ற கிறுக்கர்கள், பணம் கட்டும் முன் மூன்று தட்டின் லேபிளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்த ஒரு வரிக்காகவே இதை எழுத ஆரம்பித்தேன், பேச்சு எங்கேயோ போய்விட்டது.

அந்தப் பாஸ் வாத்தியம் பற்றி ஒன்று மட்டும். வாசித்தவர் ஜூனியர் ஹஸ்கி. நாஷ்வில்லில் எண்ணிக்கையில்லாத பதிவுகளில் வாசித்தவர், நின்றபடி வாசிக்கும் பெரிய பாஸ். இந்த ஒலிப்பதிவு முடிந்த சில வாரங்களில், 1971 செப்டம்பரில், நாற்பது சொச்சம் வயதில் இறந்துபோனார். தட்டு வெளிவந்து அவர் பார்க்கவில்லை. கூட்டத்தில் முதலில் காலியான நாற்காலி அவருடையதுதான். 1989ல் இதே குழு இரண்டாம் தொகுப்பு போட்டபோது, அதே பாட்டில் மேபெலின் பெயரைச் சொல்லும் ஒரு புதுச் சரணம் சேர்த்தார்கள். அந்தத் தொகுப்பில் பாஸ் வாசித்தவர் ராய் ஹஸ்கி ஜூனியர், இவருடைய மகன்.

என் நாலு டாலர் தட்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஆறாவது பக்கம் முழுக்கப் பளபளப்பு, தலைப்புப் பாட்டு இருக்கும் பட்டை மட்டும் சாம்பல் பூத்திருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் யாரோ, மற்றப் பாட்டுகளைத் தொடாமல் இதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுத் தேய்த்திருக்கிறார். அதனால் வண்டிக்காரரைக் கூப்பிடும் இடத்தில் ஊசி ஒரு கோடு தாண்டிவிடுகிறது. ‘மெல்ல’ என்ற வார்த்தை விழுங்கப்பட்டு, ‘ஓட்டுங்கள்’ மட்டும் கேட்கிறது. ஊசித் தலையில் ஒரு பென்னிக் காசை வைத்தேன். இப்போது தாண்டுவதில்லை.